அறுக்காமல் விட்டது

அந்தி நேரத்து மஃரிப் தொழுகை முடிந்து கால் மணி நேரம் ஆகியிருக்கும். மாடியில் யாரோ நெட்டி முறிக்கிற சத்தம் கேட்டது. ஒன்று. கொஞ்சம் விட்டு இன்னொன்று. கூடத்து நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, தெருவில் கொட்டுகிற ஐப்பசி மழையைக் கேட்டுக்கொண்டிருந்த சாதிக் பாட்சா தலையைத் தூக்கிப் படிக்கட்டைப் பார்த்தார்.

“நௌஷின்! நெட்டி முறிக்காதேன்னு எத்தன தடவ சொல்றது? தரித்திரம் புடிக்கும்.”

“நான் இல்ல வாப்பா.” மகளின் குரல் காய்ச்சலில் கட்டிப்போயிருந்தது. “நான் போர்வைக்குள்ளதான் கெடக்குறேன்.”

வீட்டில் இருந்ததே அவர்கள் இரண்டு பேர்தான். பாட்சாவின் மனைவி சஃபியா பிற்பகல் அஸர் நேரத்துக்கே போலகத்துத் துக்க வீட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தாள். அவளுடைய பெரியம்மா அங்கே காலையில் மவுத்தாகியிருந்தார். “மருந்து குடுத்தாச்சு மச்சான். பிள்ள தூங்கட்டும். ராத்திரி இஷாத் தொழுகைக்குள்ள வந்துடுறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஒன்பது வயதுப் பிள்ளையை ஒரு மூன்று மணி நேரம் பார்த்துக்கொள்வதில் என்ன இருக்கிறது என்று பாட்சாவும் தலையாட்டியிருந்தார்.

மறுபடி கேட்டது. சொடக்.

விரல் நெட்டி இல்லை அது. விரலில் இவ்வளவு கனமான சத்தம் வராது. முட்டி நெட்டி. அதுவும் ஆள் முட்டி இல்லை என்று அவருடைய வயிற்றுக்குத் தெரிந்துவிட்டது, மனசுதான் ஒப்புக்கொள்ளவில்லை. மரச்சாமான் மழையில் ஊறினால் இப்படித்தான் முறியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சாதிக் பாட்சாவுக்கு இப்போது தெருவில் ‘வேட்டைக்காரர்’ என்று பெயர். சும்மா வந்த பெயர் இல்லை. ஊர் திரும்பிய பத்து நாளில் அவரே தம்பட்டம் அடித்துச் சம்பாதித்தது. ஷார்ஜாவில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் மனிதர், கூட்டாளி ரஃபீக்கோடு தென்னாப்பிரிக்காவுக்குப் பத்து நாள் வேட்டைப் பயணம் போய்விட்டு வந்தால் வாய் சும்மா இருக்குமா? துப்பாக்கி, அனுமதி, வண்டி, வழிகாட்டி எல்லாம் பயணக் கம்பெனியின் பொறுப்பு, சுடுவது மட்டும் உங்கள் வேலை என்று விளம்பரத்தில் போட்டிருந்தான். பக்கத்திலேயே பிடரி சிலிர்த்த சிங்கத்தின் படம்.

போய்ப் பார்த்தால் காட்டுக்கு வேலி போட்டிருந்தது. மான்களின் காதில் மஞ்சள் வில்லை தொங்கியது. பீட்டர் என்கிற வெள்ளைக்கார வழிகாட்டி எதைச் சுட வேண்டும் என்று விரலை நீட்டுவான்; முக்காலியில் துப்பாக்கியை அவனே பொருத்தி, குறியையும் அவனே சரிபார்த்து, இப்போது அழுத்து என்பான். சிங்கம் எங்கே என்று கேட்டால் அது வேறு பண்ணை என்றான். சமைத்துப் போட்ட கறி ஹலால் இல்லை என்பதால் ஏழு நாளும் ரொட்டியும் சஃபியா கட்டிக்கொடுத்த எலுமிச்சை ஊறுகாயும்தான். “மாப்ள, இதுக்கு நம்மூர் கறிக்கடையில போய் நின்னிருந்தா நெஞ்செலும்பாவது பாத்து வாங்கியிருக்கலாம்டா” என்றான் ரஃபீக். சிரித்துச் சிரித்து இருவருக்கும் கண்ணில் நீர் வந்தது. ஆனாலும் உள்ளுக்குள் பாட்சாவுக்கு எரிந்தது. ஊரில் போய் என்னத்தைச் சொல்வது?

எட்டாம் நாள் அந்த ஈலண்டைக் காட்டினான் பீட்டர். மான் சாதிதான், ஆனால் காளை மாட்டைவிடப் பெரிது. முறுக்கிய கொம்பு, கழுத்துக்குக் கீழே தொங்குகிற கனத்த தோல். அது நடந்தால் முன்னங்கால் முட்டி சொடக்குப் போடும். புதருக்குள் மறைந்து நின்றாலும் அந்தச் சத்தத்தை வைத்தே எங்கே போகிறது என்று சொல்லிவிடலாம்.

பாட்சா பிஸ்மி சொல்லித்தான் சுட்டார். சுட்டு விழுந்தது உயிரோடு இருந்தால், சுட்டவன் ஓடிப்போய் அறுத்தாக வேண்டும். அல்லாஹ் பெயரைச் சொல்லிச் சாய்த்ததைத் துடிக்க விட்டுவிட்டு வரக்கூடாது. அதற்கென்றே காரைக்காலிலிருந்து சாணை பிடித்த கத்தி ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோயிருந்தார். என் கையால்தான் அறுப்பேன், வேறு யாரும் தொடக்கூடாது என்று பீட்டரிடம் மூன்று தடவை சொல்லியும் இருந்தார். குண்டு தோளுக்குப் பின்னால் பாய்ந்தது. அது விழவில்லை, முள்ளுக்காட்டுக்குள் ஓடியது.

அறுத்துவிட்டதாகத்தான் ஊரில் சொன்னார். அந்தக் கதையைத் தினம் ராத்திரி நௌஷின் கேட்பாள். “அது அழுதுச்சா வாப்பா?” “அழ விடுவேனா? ஒரே அறுப்பு.” மறுநாள் அவள் பள்ளிக்கூடத்தில் போய் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டு வருவாள்.

மின்சாரம் போயிற்று. இன்வர்ட்டர் விளக்கு ஒன்று மட்டும் கூடத்தில் மங்கலாக எரிந்தது.

அப்போதுதான் வாசம் தெரிந்தது. அடைமழையில் காரைக்கால் வீட்டுக்குள் என்னென்ன வாசம் வரும் என்று அவருக்குப் பிறந்ததிலிருந்து தெரியும்: ஊறிய சுவர், காயாத துணி, வாய்க்கால், காற்று திரும்பினால் கடல். இது அதில் எதுவும் இல்லை. காய்ந்த வாசம். வெயிலில் பொரிந்த புல்லும் சாணமும் புழுதியும், அதன் அடியில் துருவைப்போல் ரத்தமும். நாலு நாளாக ஈரம் சொட்டுகிற வீட்டுக்குள் தொண்டையை வறளவைக்கிற வாசம். எழுந்து போய்ச் செல்போன் வெளிச்சத்தைப் படிக்கட்டில் அடித்தார். முதல் படியில் செம்மண் புழுதி. இரண்டாம் படியிலும். விரலால் தொட்டுப் பார்த்தார். சொட்டு ஈரம் இல்லாமல் மாவாக இருந்தது.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரஃபீக்.

“மாப்ள, பீட்டர் மெசேஜ் போட்டிருக்கான். உன்னோட மிருகத்த மறுபடி தேடுனாங்களாம்.”

“கெடச்சுச்சா?”

“படுத்திருந்த எடம் கெடச்சுச்சாம். ஒரு குளம் மாதிரி ரத்தம் காஞ்சு கெடக்காம். ஒடம்பக் காணோம். எலும்புகூட இல்லியாம். கழுதைப்புலி இழுத்துட்டுப்போன தடமும் இல்லியாம்.” ரஃபீக் நிறுத்தினான். “டேய், உன் ஷூ தடம் அதுக்குப் பக்கத்துல இருக்காம்டா. மூக்குக்கு நேரா. ரொம்ப நேரம் நின்ன மாதிரி மண்ணு அழுந்தியிருக்காம். நீ அதப் பாத்தியா?”

இணைப்பு அறுந்தது.

பார்த்தார். பாவி மனிதர், பார்த்தார்! பீட்டரும் ஆட்களும் மேற்கே தேடிக்கொண்டிருந்தபோது இவர்தான் தனியாக முள்மரத்தடியில் அதைப் பார்த்தார். முன்னங்கால்களை மடித்துப் படுத்திருந்தது. மூச்சில் ரத்தக் குமிழி வந்து வந்து உடைந்தது. அவரைக் கண்டதும் அது ஓடவில்லை, கொம்பை ஆட்டவில்லை. தாடையைத் தூக்கிக் கழுத்தை நீட்டியது. சீக்கிரம் முடி என்பதுபோல. கத்தி கையில்தான் இருந்தது. கைதான் அவர் சொல்வதைக் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. பிறகு திரும்பி நடந்தார். ‘அந்தப் பக்கம் எதுவும் இல்லை’ என்று பீட்டரிடம் சொன்னார். இருட்டும்வரை எல்லோரும் வேறு பக்கம் தேடினார்கள். மறுநாள் விமானம். இது ரஃபீக்குக்கும் தெரியாது.

சொடக்.

இந்த முறை படிக்கட்டுக்கு நேர் மேலே. மாடி நடையில். எடை தாங்காமல் தளம் முனகியது. சொடக். நௌஷின் படுத்திருக்கும் அறைப் பக்கம் போயிற்று.

“வாப்பா?” மேலேயிருந்து ஒரு சின்னக் குரல். “நீங்களா?”

அலமாரியைத் திறந்தார். துண்டில் சுற்றிவைத்த கத்தியை எடுத்தார். தன் கை எடுப்பதைத் தானே பார்த்தார். யா அல்லாஹ், என் பிள்ளையை விட்டுவிடு. என்னிடம் வா. அவளை விட்டுவிடு. படியேறினார். ஒவ்வொரு படியிலும் புழுதி. காலுக்கடியில் அது நறநறத்தது. வெளியே மழை கொட்டுவது கேட்டது. ஆனால் மாடியில் உச்சி வெயில் நேரத்துச் சூடு.

அறைக் கதவு பாதி திறந்திருந்தது.

போன் வெளிச்சம் முதலில் கட்டிலில் விழுந்தது. நௌஷின் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். போர்வையைத் தாடைவரை இழுத்துப் பிடித்திருந்தாள். கண் இரண்டும் தரையில் இருந்தன.

வெளிச்சத்தை இறக்கினார்.

கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே அது படுத்திருந்தது. அறையின் அகலம் முழுவதும். முன்னங்கால்களை மடித்து. ஒரு கொம்பு அலமாரிக் கண்ணாடியில் உரசிக்கொண்டிருந்தது. தோளுக்குப் பின்னால் அந்த ஓட்டை. ஓட்டைக்குள் எதுவோ நெளிந்தது. விலா ஏறியது. இறங்கியது. பன்னிரண்டு நாள். இந்த மூச்சு பன்னிரண்டு நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது.

“வாப்பா, பயமா இருக்கு. என்னத் தூக்கிக்கிங்க.”

தூக்க வேண்டுமானால் அதைத் தாண்ட வேண்டும். அதைத் தாண்ட ஒரே வழிதான் இருந்தது. அவருக்குத் தெரியும். அதற்கும் தெரிந்திருந்தது. தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது. அந்தக் கண்ணில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இல்லை. மெதுவாகத் தாடையைத் தூக்கியது. தொங்குதோல் ஆடியது. கழுத்து நீண்டது. அவர் கைக்கு எட்டும் தூரத்தில்.

“அறுங்க வாப்பா,” என்றாள் நௌஷின். அழுகைக்கு நடுவிலும் அவள் குரலில் நம்பிக்கை இருந்தது. “நீங்கதான் ஒரே அறுப்புல அறுப்பீங்களே. அறுத்துட்டு என்னத் தூக்கிக்கிங்க.”

கத்தியைத் தூக்கினார். பிஸ்மி என்று வாயைத் திறந்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதன் தொண்டையில் நாடி துடித்தது. மயிருக்கடியில் தெரிந்தது. இங்கே. இந்த இடம்தான். ஒரு இழுப்பு.

கை வரவில்லை.

அது காத்திருந்தது. பிள்ளையும் காத்திருந்தாள். மூச்சு ஏறியது. இறங்கியது.

கத்தி கீழே விழுந்தது.

“வாப்பா?”

ஒரு அடி பின்னால் வைத்தார். இன்னொரு அடி. நௌஷின் போர்வையை உதறிவிட்டு எழுந்தாள். “வாப்பா! எங்க போறீங்க? வாப்பா!”

அவருக்குக் காது கேட்டது. கண் தெரிந்தது. என்ன செய்கிறோம் என்றும் தெரிந்தது. கதவை இழுத்துச் சாத்தினார். வெளித் தாழ்ப்பாளைப் போட்டார். வெளிச்சம் எரிகிற போனைத் தரையில் போட்டுவிட்டு, போட்ட தாழ்ப்பாளை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே சின்னக் கால்கள் கட்டிலிலிருந்து அதன் முதுகில் குதித்து, கதவுப் பக்கம் இறங்கி ஓடிவந்தன. கதவில் அடித்தாள். உள்ளங்கையால் அடித்தாள். “உம்மா! உம்மா!” என்று கூப்பிட்டாள். இப்போது அவள் வாப்பாவைக் கூப்பிடவில்லை.

அவளுக்குப் பின்னால் கனமான ஏதோ ஒன்று எழுந்து நின்றது. சொடக். சொடக்.

கீழே வாசல் கதவு திறந்தது. சஃபியா குடையை உதறினாள்.

“மச்சான்! பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சா?”

கதவில் விழுந்த அடி நின்றுபோயிற்று.

“விட்டுருச்சு,” என்றார் பாட்சா. குரல் நடுங்கக்கூட இல்லை. “தூங்குறா. மேல வராத, முழிச்சிக்குவா.”

ஈரத்தில் உளுத்து அடிப்பக்கம் தேய்ந்த கதவு அது. அந்த இடுக்கு வழியாக நாலு விரல் வெளியே வந்தன. போன வாரக் கல்யாணத்து மருதாணி நகங்களில் இன்னும் சிவந்திருந்தது. விரல்கள் தரையைத் தடவின. அவருடைய கால் பெருவிரலைத் தொட்டன. காய்ச்சலில் அனலாகச் சுட்டன. தொட்டு இறுகப் பற்றிக்கொண்டன.

பாட்சா காலை நகர்த்திக்கொண்டார்.

விரல்கள் கொஞ்ச நேரம் அப்படியே விரிந்து கிடந்தன. பிறகு, நகத்தால் சிமெண்டுத் தரையைக் கீறிக்கொண்டே, ஒவ்வொன்றாக உள்ளே இழுபட்டுப் போயின.