ஒரே நாளில் எல்லா விளக்கும்

ஆளில்லாத பெஞ்சு ஒன்று, யாரோ உட்கார்ந்த மாதிரி முனகியது. பழைய மரம், வேறென்ன என்று ஸ்ரீநிவாஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எடிசன் நகருக்கு அப்பால் ஒரு சின்ன ஊர். அதற்கு ஒரு யூத வரலாற்றுச் சங்கம். மூடிப்போன ஜெபக்கூடத்தை வாங்கி, உடைந்த நாற்காலிக்கெல்லாம் சீட்டு ஒட்டிக் காப்பாற்றும் நாலைந்து கிழடுகள் என்பது அவன் எண்ணம். மகள் விஷாகாவின் காலேஜ் அப்ளிகேஷனில் காட்ட ஏதாவது சேவை வேண்டும், அதற்காகத்தான் வந்தான். அவள் பெஞ்சில் போனை நோண்டினாள், சேவையை அப்பன் செய்தான். அந்த வீட்டில் அதற்குப் பெயர் வாலண்டியரிங்.

சுவரை அடைத்த பித்தளைப் பலகையில் இறந்தவர்களின் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு குட்டி பல்பு. அவரவர் இறந்த நாளில் அவரவர் விளக்கை மட்டும் ஏற்றுவது வழக்கம். அன்றைக்கு ஒன்றுதான் எரிந்தது. பழுதான பல்புகளை மாற்றினால் போதும், எல்லாவற்றையும் சேர்த்துப் போட வேண்டாம், அத்தனை பேரை இந்தக் கூடம் தாங்காது என்று சங்கத்து ஷெர்லி ஆன்ட்டி சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்துப் போயிருந்தார்.

கிழவிக்கு ஒயரிங்கைப் பற்றி என்ன தெரியும்? பழைய சுவிட்சுகளையெல்லாம் பிடுங்கிப் போட்டு, மொத்தத்தையும் ஒரே சுவிட்சில் இணைத்தான். கல்யாண மண்டபம் போல ஜொலித்தால்தானே போட்டோ எடுபடும். தட்டினான். பலகை முழுக்க எரிந்தது.

முதலில் நனைந்த கம்பளிக் கோட்டின் வாடை வந்தது, வெளியே மழையுமில்லை பனியுமில்லை. பிறகு பாச்சை உருண்டையும் வெங்காயமும் வயதானவர்களின் மூச்சும் கலந்த புழுக்கம். வாசலிலிருந்து காலைத் தேய்த்து நடக்கும் சத்தம் மெல்ல உள்ளே வந்து, வரிசை வரிசையாகப் பிரிந்து, ஒவ்வொரு பெஞ்சிலும் போய் அடங்கியது.

விஷாகா போனிலிருந்து கண்ணெடுக்காமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். "ஸாரி" என்றாள், பக்கத்தில் யாரும் இல்லை. இன்னும் தள்ளினாள்.

சுவிட்சை அணைத்தான். விளக்குகள் அணையவில்லை. பிளக்கைப் பிடுங்கினான். அணையவில்லை. அத்தனை சுவிட்சையும் பிடுங்கிய மேதைக்கு இப்போது ஒரு பல்பை அணைக்க வழியில்லை.

"விஷா, எழுந்து வா. கிளம்பலாம்."

எழுந்தாள். வர முடியவில்லை.

"அப்பா, இவங்களை நகரச் சொல்லு. ஐ கான்ட் ப்ரீத்."

பெஞ்சு காலி. கூடமே காலி. ஓடினான். நடுவில் ஒரு தோள் இடித்தது. ஒரு முதுகு. கம்பளி. அதற்கு மேல் ஓரடி வைக்க முடியவில்லை. கையை நீட்டினான். எட்டவில்லை. வாசலில் இன்னும் காலடிகள். இன்னும் வந்துகொண்டே இருந்தார்கள்.

யாருமில்லாத கூடத்தின் நடுவே மகளின் கன்னங்கள் இரண்டு பக்கமும் நசுங்கின. மூக்குக் கண்ணாடி நெரிந்தது. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. அவள் கால்கள் மெல்ல, மெல்ல, தரையை விட்டு மேலே எழும்பின.