நத்தைத் தொப்பி

பையின் கடைசிக் கட்டத்தில் அவள் வைக்காத ஒரு பொருள் இருந்தது.

பிற்பகல் மூன்று மணி, வெளியே தூறல். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலைக்கு அன்று வார விடுமுறை என்பதால், தங்கைக்காரி கூடத்து நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து, கைப்பேசி விளையாட்டில் தன் பையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தும்மும் காளான், வெட்கப்படும் நூல்கண்டு, மழைத்துளிப் பொத்தான், நத்தைத் தொப்பி என்று மாயக்காட்டில் பொறுக்கிச் சேர்த்து, ஒன்றோடொன்று கோத்து விளக்கும் குடையும் செய்துகொள்கிற குட்டிக் குட்டிச் சாமான்கள். எல்லாம் கொள்ளை அழகு. ஒன்றுகூட அவள் பொறுக்கியதல்ல.

பொறுக்கியவள் அக்கா. பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்பவள். ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவே கிடைத்த இரண்டிரண்டு நிமிடங்களில் நான்கு வருடமாகச் சேர்த்தவை. முதுகு அறுவைக்குப் போகும்போது, "என் தோட்டத்துக்கு மட்டும் தண்ணி ஊத்திடு குட்டி" என்று விளையாட்டின் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டுப் போனாள். தங்கை தண்ணீர் ஊற்றினாள். கையோடு பையையும் வழித்துத் தன் பைக்கு மாற்றிக்கொண்டாள். விளையாட்டில் அவற்றை அடுக்கிவைத்த அவள் அலமாரியைப் பார்த்து, முன்பின் தெரியாத நானூறு பேர் இதயம் போட்டார்கள். முப்பத்து நான்கு வயதில், ஒரு நத்தையின் தொப்பிக்காகத் திருடியிருந்தாள்.

வீடு திரும்பிய அக்கா, காலிப் பையை வெகுநேரம் பார்த்தாள். "கம்பெனிக்காரங்கதான் ஏதோ அழிச்சிட்டாங்க போல."

"இருக்கும்கா."

அன்றிலிருந்து தங்கை அக்காவின் கண்ணெதிரே அந்த விளையாட்டைத் திறப்பதில்லை.

இப்போது அந்தக் கடைசிக் கட்டத்தில், துணியில் முடிந்த ஒரு சின்ன மூட்டை. தொட்டாள். எழுத்து விரிந்தது: 'அக்காவின் இருமல். எண்ணிக்கை: 3.'

காலையிலிருந்து தைல வாசனையோடு உள்ளறையில் விடாமல் கேட்ட இருமல் நின்று எவ்வளவு நேரமாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. எழுந்து போய் எட்டிப் பார்த்தாள்.

"இருமல் நின்னுடுச்சாக்கா?"

"ஆமாண்டி. யாரோ கையை விட்டு எடுத்த மாதிரி. நீ ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"ஒண்ணுமில்லக்கா."

அக்கா சிரித்தாள். உதடு விரிந்தது, தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை. தங்கையின் உள்ளங்கையில் கைப்பேசி அதிர்ந்தது. 'அக்காவின் சிரிப்பு. எண்ணிக்கை: 1.'

கூடத்துக்கு ஓடிவந்து, எல்லாவற்றையும் திருப்பி அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரே வரி: 'எடுத்ததை, உரியவர் காதுபடச் சொல்லவும்.'

நான்தான்கா எடுத்தேன். இரண்டே சொல். ஆனால் அக்காவின் முகம் எப்படி மாறும் என்று நினைத்ததுமே உடம்பு கூசிற்று. காது மடல் சுட்டது. 'தூக்கி வளர்த்தேனே, என்கிட்டயேவா?' என்று கேட்டுவிட்டால்? நாளைக்குச் சொல்லலாம். சாயங்காலம். காபி குடித்த பிறகு.

உள்ளிருந்து அக்கா கூப்பிட்டாள். "குட்டி, சாரல் அடிக்குது, ஜன்னலைச் சாத்..."

பாதியில் அறுந்தது.

கைப்பேசி அதிர்ந்தது. 'அக்காவின் குரல். எண்ணிக்கை: 1.'

ஒரு பேருந்து நிலையத்தையே நிறைத்த குரல்.

ஓடினாள். ஓடும்போதே கைப்பேசி இன்னொருமுறை அதிர்ந்தது. அக்கா சுவர்ப் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முதுகுதான் தெரிந்தது. கட்டிலடியில் மண்டியிட்டாள்.

"நான்தான்கா எடுத்தேன்."

அசைவில்லை.

"அக்கா, நான்தான். கம்பெனிக்காரங்க இல்ல. எனக்கு வெக்கமா இருந்துச்சுக்கா, அதான் சொல்லல."

மழை. ஜன்னல் கதவு ஒருமுறை மோதியது. அக்கா திடுக்கிடவில்லை.

கையில் கைப்பேசி அதிர்ந்தது. அவள் திரையைப் பார்க்கவில்லை. பார்க்காமலே விரலால் அக்காவின் கூந்தலை மெல்ல ஒதுக்கினாள்.

காது இல்லை.

காயமில்லை. தழும்பில்லை. தேய்த்து முடித்த லென்ஸ் போல வழவழவென்று தோல்.

விரல் பட்டதை உணர்ந்து அக்கா மெதுவாக இவள் பக்கம் திரும்பத் தொடங்கினாள். கைப்பேசி மறுபடி அதிர்ந்தது. மறுபடி. மறுபடி. நிற்கவேயில்லை.