பக்கத்து சீட்டு ஆள்

கடலோரத்து அந்தப் பழைய விடுதிக்கு அவள் வந்து சேர்ந்தபோது மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. நூற்றைம்பது வருடக் கட்டடம். ஒரு காலத்தில் நோயாளிகள் கடல்காற்று வாங்க வந்த இடம். இப்போது ஊர் சுற்றுகிறவர்கள் வருகிறார்கள். அறை அவள் கணவர் பதிவு செய்தது, இரண்டு பேருக்கு. அவர் போய் ஏழு மாதம் ஆகிறது.

"எதுக்கும்மா வீணாக்கணும், போயிட்டு வா" என்று மகள்தான் பெட்டியைக் கட்டி அனுப்பினாள். அவளும் சரி என்றாள். ஏழு மாதமாக எல்லாவற்றுக்கும் சரிதான். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அவர் செத்துப்போனார் என்று வாய் திறந்து யாரிடமும் சொன்னதும் இல்லை. சொல்லி அழுதுவிட்டால் மனசு இறங்கிவிடும் என்று மகள் படித்துப் படித்துச் சொல்லி ஓய்ந்துவிட்டாள்.

விடுதியின் சின்ன பஸ் மூன்று மணிக்குக் கிளம்பியது. வழிகாட்டி சரியான வாயாடி. தலையை எண்ணுகிற வழக்கமே அவரிடம் கிடையாது. ஒவ்வோர் இடத்திலும் கிளம்புமுன் வரிசை வரிசையாக, "பக்கத்து சீட்டு ஆள் வந்தாச்சா?" என்று கேட்பார். வரவில்லை என்றால் வண்டி நகராது.

"நான் எண்ணினா தப்பிடும். பக்கத்துல இருக்கிறவங்களுக்குத்தானே தெரியும், ஆள் இருக்கா இல்லையான்னு!"

கலங்கரை விளக்கம் பார்த்துத் திரும்பியதும் அவளிடமும் கேட்டார். கணவர் பக்கத்தில் உட்கார்ந்த முப்பத்தொரு வருடப் பழக்கம். ஜன்னலைப் பார்த்தபடியே சொல்லிவிட்டாள்.

"வந்தாச்சு."

சொன்ன பிறகுதான் உறைத்தது. திருத்துவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

முதல் வளைவிலேயே வலித் தைலத்தின் வாசனை. கடைசி மாதங்களில் அவர் முதுகில் அவள் தேய்த்துவிட்ட தைலம். பக்கத்து இருக்கையின் மெத்தை மெல்ல அமுங்கியது.

அலறியிருக்க வேண்டியவள், அலறவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளியது மாதிரி, ஏதோ நடக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

அடுத்து, பாறையில் வெட்டிய பழைய குளியல் குளம். படிகளில் அவளுக்குப் பின்னால் ஒரு செருப்புச் சத்தம், இடது காலை இழுத்து இழுத்து, அவர் நடக்கிற மாதிரியே.

அவள் நின்றாள்.

அதுவும் நின்றது.

இப்போது பயம் வந்தது. இப்படியே விட்டால் வீடுவரைக்கும் வந்துவிடும். அவள் ஓட்டமும் நடையுமாகப் போய் வண்டியில் உட்கார்ந்தாள். மெத்தை அமுங்கியது. தோளோரம் ஜில்லென்றது.

"அம்மா, பக்கத்து சீட்டு ஆள் வந்தாச்சா?"

வரவில்லை என்றால் காத்திருப்பார்கள்; வந்தாச்சு என்றால் அவர் கூடவே வருவார். அவரை அனுப்பிவைக்க ஒரே ஒரு பதில்தான் உண்டு. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குப் பக்கத்துல ஆளே கிடையாதுங்க. என் வீட்டுக்காரர்... செத்துப்போயிட்டார்."

ஏழு மாத அழுகையும் ஒன்றாக உடைத்துக்கொண்டு வந்தது. வழிகாட்டி பதறிப்போனார். "அடடா, தெரியாம கேட்டுட்டேம்மா, மன்னிச்சிடுங்க."

மெத்தை எழும்பியது. தைல வாசனை விலகியது. அப்பாடா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முன்னாலிருந்து டிரைவர் குரல் கொடுத்தார். "என்ன, எல்லாரும் வந்தாச்சா?"

அவள் பக்கத்துக் காலி இருக்கையிலிருந்து, நிதானமாக, அவள் கணவரின் குரல் பதில் சொன்னது.

"எனக்குப் பக்கத்துல ஆள் வந்தாச்சு. வண்டிய எடுங்க."

வழிகாட்டியின் முகம் வெளுத்துவிட்டது. டிரைவர் வண்டியை எடுத்தார்.