கள்ளிமேட்டு வளைவு

பிலோமினாவின் சடை நுனியில் எப்போது பார்த்தாலும் செம்மண் புழுதி ஒட்டியிருக்கும். அம்மா ஆரோக்கியம்மாள் சீப்பும் கையுமாக உட்கார்ந்து, "பொம்பளப்பிள்ள தலையா இது? தரையில போட்டு இழுத்த மாதிரில்ல இருக்கு" என்று தினமும் திட்டுவாள்.

பாவம், அம்மாவுக்குத் தெரியாது. அந்தச் சடையை உண்மையிலேயே தரையில் இழுத்துக்கொண்டுதான் வந்தார்கள்.

தேவாரத்துக்குப் பக்கத்தில், மலையை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் அவர்கள் வீடு இருந்தது. பேரியாற்றில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அய்யா இன்னாசி இரட்டை மாட்டு வண்டியில் அணை வேலைக்குச் சுண்ணாம்பு ஏற்றிக்கொண்டு போனால், வீடு திரும்பப் பல நாள் ஆகும். அதனால் வீட்டிலிருந்த சின்ன வண்டியும், அதில் பூட்டும் செவலைக் காளையும் அண்ணன் இருதயத்தின் பொறுப்பு. அவனுக்குப் பதினாறு வயது. பிலோமினாவுக்குப் பத்து.

சாயங்காலம் இரண்டு பேரும் வண்டியில் புல் அறுக்கப் போவார்கள். ஊரைத் தாண்டியதும் கள்ளிமேட்டு வளைவு வரும். பாதை அங்கே சட்டென்று இடது பக்கம் திரும்பும். மற்ற வண்டிக்காரர்கள் அந்த இடத்தில் மாட்டை இழுத்துப் பிடிப்பார்கள். இருதயம் மட்டும் நாக்கைச் சொடுக்குவான். அந்தச் சத்தம் கேட்டால் போதும், செவலை வாலைத் தூக்கிக்கொண்டு பறக்கும்.

தண்ணீர்க் குடத்தோடு வேகமாகத் திரும்பிப் பாருங்கள். நீங்கள் இடது பக்கம் திரும்பினால் தண்ணீர் வலது பக்கம் தளும்பும். வண்டியும் அப்படித்தான். வேகமாகத் திரும்பும்போது அது வெளிப்பக்கமாகக் குடைசாயப் பார்க்கும். உள்பக்கத்துச் சக்கரம் தரையை விட்டு எழும்பும். அப்போது வண்டியில் இருப்பவர்கள் உள்பக்கமாகச் சாய வேண்டும். லேசாகச் சாய்ந்தால் போதாது, உடம்பு பாதி வண்டிக்கு வெளியே தொங்க வேண்டும். அந்தக் கனம்தான் சக்கரத்தைத் தரையில் அழுத்திப் பிடிக்கும்.

ஆனால் பயந்த உடம்பு அப்படிச் செய்யாது. வண்டி எந்தப் பக்கம் தூக்கி எறிகிறதோ, அந்தப் பக்கத்துக் கம்பைத்தான் கட்டிப்பிடிக்கும். முதலில் அண்ணனும் தங்கையும் அப்படிச் செய்துதான் கள்ளிச் செடிக்குள் விழுந்தார்கள். முள் எடுத்து முடிப்பதற்குள் அவர்களுக்கே புரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை. வளைவு வந்ததும் முன்னால் அவன் சாய்வான், பின்னால் இவள் சாய்வாள். பிலோமினாவின் சடை பாதையில் கோடு போட்டுக்கொண்டே வரும்.

மாதா கோயில் திருவிழாவில் வண்டிப் பந்தயம் வைத்தார்கள். ஒரு வண்டிக்கு இரண்டு பேர். பெண்பிள்ளைகள் ஏறக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அதனால் பிலோமினாவின் இடத்தில் இருதயத்தின் கூட்டாளி கர்ணன் உட்கார்ந்தான். கர்ணன் நல்ல பையன். இருதயம் தனக்குக் கிடைத்த பனங்கிழங்கில் பெரிய துண்டை அவனுக்குத்தான் கொடுப்பான். ஆனால் வளைவில் சாய வேண்டும் என்று மட்டும் அவனிடம் சொல்லவில்லை. மூச்சு விடுவதைப் போலப் பழகிப்போனதால், அது சொல்லித்தர வேண்டிய விஷயம் என்றே இருதயத்துக்குத் தோன்றவில்லை.

பிலோமினா மற்றப் பிள்ளைகளோடு வளைவை ஒட்டிய மேட்டில் நின்றிருந்தாள். செவலை முன்னால் வந்தது. எல்லோரும் காளையைப் பார்த்துக் கத்தினார்கள். அவள் மட்டும் தன்னுடைய இடத்தைப் பார்த்தாள். இருதயம் இடது பக்கம் சாய்ந்தான். கர்ணன் கண்ணை மூடிக்கொண்டு, வலது ஓரத்துக் கம்பை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தான்.

இடது சக்கரம் எழும்பியது. அப்புறம் ஒரே புழுதி.

கர்ணன் கள்ளிக்குள் விழுந்து பிழைத்தான். இருதயம் வண்டிக்கு அடியில் கிடந்தான். பொழுது இறங்குவதற்குள் அவன் உயிர் போய்விட்டது.

அடக்கம் முடிந்து சில நாள் ஆனது. ஒரு நாள் அம்மா சீப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சீப்பு பிலோமினாவின் தலையில் தடையில்லாமல் இறங்கியது. சடையில் ஒரு பொட்டுப் புழுதி இல்லை. திட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல், அம்மா அந்தச் சடையைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மாடு மிரண்டுவிட்டது என்று ஊரே சொன்னது. மாட்டுக்குச் சுழி பார்க்கும் தவசி வந்து, செவலையின் திமிலுக்குப் பின்னால் இருந்த சுழியைத் தொட்டுப் பார்த்தார். இது பாடைச்சுழி, வைத்திருக்கும் வீட்டில் சாவு விழும் என்றார். கன்றாக வாங்கி வந்தபோது இதே தவசி, இதே சுழியைத் தொட்டு, ராஜசுழி, வீட்டுக்கு யோகம் என்று சொல்லி வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போயிருந்தார். அதை அவருக்கு ஞாபகப்படுத்தும் தெம்பு அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

அய்யா செவலையின் முகத்தில் விழிப்பதையே விட்டுவிட்டார். ஆளைக் கொன்ற மாட்டை ஏரில் பூட்ட யார் வாங்குவார்கள்? மாட்டு வியாபாரி ஒச்சாண்டி மட்டும் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியனுப்பினார். அவர் வாங்குவது வெட்டுக்கு. விடிந்ததும் தேவாரத்துக்குக் கொண்டுபோய்விடுவதாக அய்யா சொன்னார்.

அன்று சாயங்காலமும் செவலை வழக்கமான நேரத்துக்குப் பாதையைப் பார்த்துத் தலையைத் தூக்கி நின்றது. பிலோமினா அதற்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது வேலிக்கு வெளியே கர்ணன் வந்து நின்றான். அவன் இளைத்துப்போயிருந்தான்.

"பிலோமினா, நீ மேட்டுல தான நின்ன? மாடுதான மிரண்டுச்சு?" என்று கேட்டான்.

பிலோமினா கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தாள். உண்மையைச் சொன்னால் செவலை பிழைக்கும். ஆனால் கர்ணன்? தன் கையாலேயே கூட்டாளியைக் கொன்றுவிட்டதாகக் காலம் முழுக்க நினைத்துக்கொண்டு திரிவான். அண்ணனுக்கு அது பிடிக்குமா?

"ஒரே புழுதியா இருந்துச்சுண்ணே" என்றாள்.

அவன் போன பிறகு செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள்.

மறுநாள் காலையில் அய்யா செவலையை அவிழ்த்தபோது, பிலோமினா முந்திக்கொண்டாள். வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா அழுகிறாள், அதையும் சேர்த்து விற்றுவிடுவோம், பூட்டியே கொண்டுபோவோம் என்றாள்.  அய்யா வண்டியைப் பூட்டினார். அவள் பின்னால் ஏறித் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஊரைத் தாண்டினார்கள். கள்ளிமேடு தெரிந்ததும் அய்யா கயிற்றை இழுத்துப் பிடிக்கப் பார்த்தார். அதற்குள் பிலோமினா நாக்கைச் சொடுக்கினாள், அண்ணனைப் போலவே.

செவலை காதை விடைத்தது. அந்தச் சத்தத்துக்காகத்தான் அது அத்தனை நாளாகக் காத்திருந்தது. வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

"ஏய், என்ன பண்ணுற?" என்று அய்யா பதறினார். வளைவு வந்தது. அவர் கை தானாகவே போய் வலது ஓரத்துக் கம்பைப் பிடித்தது.

"அய்யா, இந்தப் பக்கம் சாயுங்க" என்று சொல்லி, பிலோமினா அவர் இடுப்புத் துண்டைப் பிடித்து இடது பக்கமாக இழுத்தாள். இழுத்தபடியே தானும் வண்டிக்கு வெளியே தொங்கினாள். எழும்பப் பார்த்த சக்கரம் தரையில் உட்கார்ந்தது. சடை புழுதியில் கோடு போட, வண்டி வளைவைச் சுற்றி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

செவலை ஒரு அடிகூடத் தப்பி வைக்கவில்லை.

அய்யா வண்டியை நிறுத்தினார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"மாடு மிரளல" என்றார்.

"இல்லய்யா."

"என் கையே வலப்பக்கந்தான போச்சு. நீ இழுக்கலன்னா..." அவர் பாதியில் நிறுத்தினார். வளைவையும், தான் பிடித்த கம்பையும் திரும்பிப் பார்த்தார். "அன்னைக்குப் பின்னால இருந்தது கர்ணன்தான?"

வேலிக்கு வெளியே நின்ற முகம் பிலோமினாவுக்கு ஞாபகம் வந்தது.

"அன்னைக்கு நான் வண்டியில இல்லய்யா. அதான்" என்றாள்.

அய்யா அவளையே பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.  அவள் சடை நுனியை எடுத்துப் புழுதியைத் தட்டினார்.

"இதுக்குத்தான் உங்காத்தா தினமும் வஞ்சாளா?" என்றார். சொல்லும்போதே அழ ஆரம்பித்துவிட்டார். மகன் இறந்த பிறகு அவர் அழுதது அதுதான் முதல் தடவை. பிலோமினாவும் அழுதாள். செவலை ஓரத்துப் புல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.

அப்புறம் அய்யா இறங்கி, அதன் திமிலுக்குப் பின்னால் இருந்த சுழியைத் தடவிக் கொடுத்தார். வண்டியை ஊர்ப்பக்கம் திருப்பினார். ஒச்சாண்டிக்கு, மாடு விற்பதற்கு இல்லை என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார்.

வழியில் கிணற்றடியில் கர்ணன் தனியாக உட்கார்ந்திருந்தான். அய்யா வண்டியை நிறுத்தினார். அவன் பயந்து எழுந்து நின்றான்.

"ஏலே கர்ணா, நான் சுண்ணாம்பு ஏத்தப் போயிருவேன். இவ ஒருத்தியாப் புல்லுக்கட்டத் தூக்க மாட்டா. சாயங்காலம் வீட்டுக்கு வா" என்றார்.

கர்ணன் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றான். 

அன்றிலிருந்து சாயங்காலம் பிலோமினா வண்டி ஓட்டினாள். கர்ணன் பின்னால் உட்கார்ந்து வந்தான். நேர்ப்பாதையில் செவலை நன்றாகவே ஓடியது. கள்ளிமேடு தெரிந்ததும் அவள் கயிற்றை மெல்ல இழுப்பாள். நாக்கைச் சொடுக்கவே மாட்டாள். செவலை ஆடி அசைந்து நடக்கும்.

ஒரு நாள் கர்ணன் கேட்டான், "ஏன் இங்கன மட்டும் மெதுவாப் போற?"

"செவலைக்கு இங்கன நடந்து போகத்தாண்ணே பிடிக்கும்" என்றாள் பிலோமினா.

செவலை காதை ஒரு தடவை ஆட்டியது. இந்தப் பழியை அது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யாரும் எந்தப் பக்கமும் சாயாமல், வண்டி மெதுவாக அந்த வளைவைத் தாண்டிப் போனது.