பலகையில் முப்பத்தொரு கிலோ

வடகோடிப் பனி நகரமான ஒவுலுவில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் யார் வீட்டில் என்ன வேகிறது என்று எல்லோருக்கும் தெரியும். இல்மரி வீட்டில் மட்டும் அடுப்பே அவன் கைபேசிக்குச் செய்தி அனுப்பிவிடும். விளக்கு, பூட்டு, எடைக்கருவி என்று கண்டதற்கெல்லாம் மென்பொருள் எழுதுவதுதான் அவன் பிழைப்பு.

நிலவறையில் எல்லோருக்கும் பொதுவாக இருந்த நீராவிக் குளியல் அறையான சவுனாவையும் அவன் விட்டுவைக்கவில்லை. உட்காரும் மேல்பலகைக்கு அடியில் எடையை அறியும் சில்லு ஒன்றைப் பொருத்தினான். பலகை காலியானால், கற்களைச் சுடவைக்கும் மின்னடுப்பு தானே அணைந்துவிடும்.

மூன்றாம் மாடி ஒய்லிக்கு அது பொறுக்கவில்லை.

"கடைசி ஆவி நமக்கில்ல தம்பி. எல்லாரும் குளிச்சப்புறம் கல்லுல ஒரு கரண்டி தண்ணி ஊத்திட்டு, சூட்டோட விட்டுட்டு வரணும். அது உள்ள குடியிருக்கிற காவல் பூதம், தொந்துவோட பங்கு."

"கரண்ட் பில்லுல பாதிய தொந்து கட்டுமாக்கா?"

"சிரி, நல்லா சிரி. குளிக்காம அது எத்தன வாரம் பொறுக்கும்னு பாப்போம்."

டிசம்பர் சனிக்கிழமை. மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. ஏழு மாத வயிற்றோடு இருந்த மனைவி வென்லாவை மெல்லப் படியிறக்கி அழைத்துவந்தான் இல்மரி. அவள் சவுனாவை ஒட்டிய குளியலறையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளப் போனாள்.

முன்பு குளித்தவர்கள் போய் வெகுநேரமாகியும் அடுப்பு அணையாமல் கனன்றுகொண்டிருந்தது. கைபேசியைப் பார்த்தான்.

பலகையில் முப்பத்தொரு கிலோ.

சவுனாக் கதவைத் திறந்தான். காலிப் பலகை. கரிந்த மரமும் வெந்த பிர்ச் மர இலையும் கலந்த வாசனை. உள்ளே போய்ப் பலகையைத் தடவினான். ஈரத்தில் ஊறிய கட்டை எடை காட்டுகிறது என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு, கைபேசியில் 'இப்போதுள்ளதே பூஜ்யம்' என்ற பொத்தானை அழுத்தினான்.

பூஜ்யம். அடுப்பு டக்கென்று அணைந்தது.

தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்ள அவனுக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

கற்களில் தண்ணீர் விழுந்து சீறியது. கரண்டி வாளிக்குள்ளேயே கிடந்தது.

கைபேசி அதிர்ந்தது.

மைனஸ் முப்பத்தொன்று.

அதை எழுதியவனுக்கு அதன் பொருள் தெரியாதா? பூஜ்யம் வைத்தபோது பலகையில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று, இப்போது எழுந்துவிட்டது.

இலை வாசனை அவன் முகத்தைத் தாண்டிக் குளியலறைப் பக்கம் நகர்ந்தது.

"இல்மரி..." வென்லாவின் குரல் தாழ்ந்து வந்தது. "என் பின்னாடி நிக்கிறது நீதான?"

அவன் இன்னும் சவுனாவுக்குள்தான் நின்றான்.

"திரும்பாத," என்றான். "அப்படியே என் பக்கம் வா."

அவளைத் துண்டில் சுற்றி இழுத்துக்கொண்டு படியேறினான். ஒய்லி கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பார்க்காமல் இருப்பாளா? சிரிப்பு மட்டும் வரவில்லை என்கிறாள்.

வீட்டுக்குள் நுழைந்து இரண்டு பூட்டையும் போட்டார்கள். வென்லா வயிற்றை இரு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

"வயித்துல அசைவு இருக்கா?"

"இருக்கு. உதைக்குது."

அவனுக்கு மூச்சு வந்தது.

கைபேசி மறுபடி அதிர்ந்தது. இம்முறை சவுனாவிலிருந்து அல்ல. மூடியிருந்த அவர்கள் வீட்டுக் குளியலறையில், தரையில் கிடந்த எடைக்கருவியிலிருந்து.

முப்பத்தொரு கிலோ.

அதற்குக் கீழே, பிறக்கப்போகும் பிள்ளையை முதல்முறை நிறுக்கும்போது வரட்டும் என்று அவனே ஆசையாக எழுதிவைத்த வரி மின்னியது:

"வீட்டுக்குப் புதுசா ஒருத்தர் வந்திருக்காங்க. என்ன பேர் வைக்கலாம்?"