அவர் விரலுக்குப் பதிலாக

சாயங்காலம் நாலரைக்குக் கைப்பேசி மெல்ல ஒலித்தது. 'இன்றைய அளவு பதிவாகிவிட்டது. ஆக்சிஜன் 84.' தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த அவள் கால் அப்படியே நின்றது. அந்த அளவுக்கு உரியவர் இறந்து பதினோரு நாளாகிறது.

முப்பது வருஷம் கார்களுக்குப் பெயிண்ட் அடித்ததில் அவள் கணவரின் நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் கைப்பேசியில் ஒரு ஆப்பைப் போட்டு, விரலில் மாட்டும் கிளிப் ஒன்றும் கொடுத்தார்கள். தினமும் காலையில் அளவெடுத்து அனுப்ப வேண்டும். மூச்சு எப்படி இருக்கிறது என்று ஆப் கேட்கும். எண் குறைந்தால் நர்ஸ் கூப்பிடுவாள்.

"உனக்கு மாமியார் இல்லாத குறை தீர்ந்துச்சு. விடிஞ்சதும் விசாரிக்க வந்துடறா" என்று ஆப்பைக் காட்டிச் சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும். ஆனால் அந்த மாமியார்தான் இரண்டு முறை முன்கூட்டியே எச்சரித்து அவரைக் காப்பாற்றினாள்.

மூன்றாம் முறை கிளிப்பில் 84 தெரிந்ததும் அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அனுப்பாதே. இந்தத் தடவை ஆஸ்பத்திரிக்குப் போனா திரும்ப மாட்டேன். உன் பக்கத்துலயே இருந்துடறேன்."

அதுவரை அவர் அழுது அவள் பார்த்ததேயில்லை. கிளிப்பைக் கழற்றித் தன் விரலில் மாட்டிக்கொண்டாள். 98. மூச்சு: நன்று. மூன்று நாள் அப்படியே அனுப்பினாள். நாலாம் நாள் விடியலில் அவர் அடங்கிவிட்டார். தான் செய்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கைப்பேசி மறுபடி ஒலித்தது. 79. உடனே அழைப்பும் வந்தது.

"அம்மா, நர்ஸ் பேசறேன். ஐயா கணக்கை மூடச் சொல்லிட்டோம். ஆனாலும் ரீடிங் வந்துட்டே இருக்கு. வேற யாராவது விரல் வைக்கிறாங்களா?"

பதினோரு நாளாக நெஞ்சில் கிடந்தது நாக்குவரை வந்தது.

"அப்போ வச்சேன்மா. அவர் உயிரோட இருந்தப்போ. என் விரலை."

நர்ஸ் தணிந்த குரலில் கேட்டாள்.

"அது இருக்கட்டும்மா. உங்க பக்கத்துல யாரு இப்படி மூச்சு வாங்கறது?"

அப்போதுதான் அவளுக்கும் கேட்டது. உள்ளறையிலிருந்து, ஈரத்துணியைக் கிழிப்பதுபோல ஒரு இழுப்பு, பிறகு உதட்டைக் குவித்து ஊதும் நீண்ட காற்று, நடுவே சளி புரளும் மெல்லிய கரகரப்பு. கதவிடுக்கில் பெயிண்டில் கலக்கும் தின்னர் வாடை வந்தது. அவர் சட்டைகளை எத்தனை முறை துவைத்தும் போகாத வாடை.

கைப்பேசியை மெஷின் மேல் வைத்துவிட்டு உள்ளறைக் கதவைத் தள்ளினாள்.

உள்ளே ஜன்னல் சாத்தியிருந்தது. அரையிருட்டு. மெத்தை ஒரு பக்கம் அழுந்தியிருந்தது. யாரும் இல்லை.

"ஏங்க?"

இழுப்பு நின்றது. மறுபடி தொடங்கியது. இன்னும் சிரமமாக.

கட்டிலுக்கு மேலே, அந்தரத்தில், கிளிப். அதற்குள் சிவப்பு விளக்கு. அந்த வெளிச்சத்தில் ஒரே ஒரு விரல்நுனி மட்டும் தெரிந்தது. நகம். நகத்தடியில் நீலம். அதற்குப் பின்னால் கை இல்லை.

61.

58.

விரல் மெல்ல, மிக மெல்ல, அவள் விரலை நோக்கி நீண்டது.