ஞானஜோதி கொண்டுபோன பனிநீர்

புஷ்பமேரியைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதனால் இன்னும் கொஞ்சம் அதிகமாக எரியும்.

எங்கள் ஏலத்தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அவள் வீடும் என் வீடும் அடுத்தடுத்து. நடுவில் ஒரே ஒரு சுவர். பள்ளிக்கூடத்திலும் ஒரே பெஞ்சு. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள்தான்.

எல்லாம் அந்த ரோஜாச்செடி செய்த வேலை. அவள் வீட்டு வாசலில் பன்னீர் ரோஜா புதராக வளர்ந்து நிற்கும். அவள் அம்மா இருதயம்மாள் சித்தி அதை வைத்து என்னென்னவோ செய்வார். இதழைத் தேனில் ஊறவைத்துக் குல்கந்து செய்வார். வெண்ணெயோடு அரைத்து, வெடித்த உதட்டுக்குக் களிம்பு செய்வார். கொதிக்கவைத்து ஆவியைப் பிடித்துப் பன்னீர் எடுப்பார். லயத்தில் யாருக்கு வாய்ப்புண் வந்தாலும், யார் கல்யாணத்துக்குக் கிளம்பினாலும் அங்கேதான் ஓடுவார்கள்.

எங்கள் வீட்டு வாசலிலும் ஒரு செடி உண்டு. மிளகாய்ச் செடி. அதை அரைத்து உதட்டில் பூச முடியுமா?

எங்கள் ஏலியாம்மா டீச்சர் கோட்டயத்துக்காரர். மலைக்குப் புதிது. தை மாதக் குளிரில் உதடு வெடித்து, சிரிக்கக்கூட முடியாமல் தவித்தார். புஷ்பமேரி ஒரு சின்ன டப்பியில் களிம்பு கொண்டுவந்து நீட்டினாள். நாலே நாளில் டீச்சரின் உதடு ஆறிவிட்டது. ஆறிய உதட்டால் டீச்சர் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"புஷ்பமேரி மிடுக்கி!"

மலையாளத்தில் மிடுக்கி என்றால் கெட்டிக்காரி. டீச்சர் அதுவரை யாரையும் அப்படிச் சொன்னதில்லை. எட்டாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாக ஒப்பித்த என்னைக்கூட "கொள்ளாம்" என்பதோடு விட்டுவிட்டார். அப்படியென்றால் பரவாயில்லை என்று அர்த்தம். பரவாயில்லையாம்! அன்று மதியம் கொடுத்த மஞ்சள் உப்புமா எனக்கு இறங்கவே இல்லை. இரண்டு தடவைதான் வாங்கினேன்.

ஒரே ஒரு முறையாவது டீச்சர் வாயால் நான் மிடுக்கி ஆக வேண்டும். அதன் பிறகு எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ஒரு வியாழக்கிழமை புஷ்பமேரி பள்ளிக்கு வரவில்லை. அம்மாவோடு குமுளிக்குத் துணி எடுக்கப் போயிருந்தாள். பெஞ்சு முழுவதும் எனக்கே எனக்கு. பள்ளி விட்டதும் டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"ஞானஜோதி, நாளெ துரைசாணி வரும். புஷ்பமேரியோடு பறயணும், குறச்சு பனிநீர் கொண்டு வரான். மறக்கல்லே, கேட்டோ?"

துரைசாணி என்றால் தோட்டத்துத் துரையின் மனைவி. எங்கள் பள்ளியின் புது வகுப்பறையைத் திறந்துவைக்க வருகிறார். புஷ்பமேரி கொஞ்சம் பனிநீர் கொண்டுவர வேண்டுமாம். அதை மறக்காமல் நான் அவளிடம் சொல்ல வேண்டுமாம்.

வழியெல்லாம் யோசித்தேன். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். அது எனக்குத் தெரியும். அப்படியானால் பனிநீர் என்றால் காய்ச்சல் தண்ணீரா? சீச்சீ, அதையா துரைசாணிக்குக் கொடுப்பார்கள்? ஆகவே டீச்சர் இந்த வார்த்தையை மட்டும் தமிழில் சொல்லியிருக்கிறார். பனிநீர்! இலையில் நிற்கிற பனித்துளி! அது எதற்கு என்று தெரியவில்லை. கோட்டயத்தில் ஏதாவது வழக்கம் இருக்கும்.

அதற்கு ரோஜாச்செடி எதற்கு? புஷ்பமேரிதான் எதற்கு? பனி என்ன, அவள் வீட்டு வாசலில் மட்டுமா விழுகிறது?

சாயங்காலம் அவள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள். "ஏட்டி ஞானம்! இன்னைக்கு டீச்சர் என்ன சொன்னாவ?"

"ஒண்ணும் சொல்லலை," என்றேன். சொல்லும்போதே காது சுட்டது.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக ஏலச்செடிகளுக்குள் இறங்கினேன். ஒவ்வொரு இலையாகச் சாய்த்துச் சொட்டுச் சொட்டாகப் பிடித்தேன். பாவாடை முழங்கால்வரை நனைந்தது. பல் கிட்டித்தது.

"என்னட்டி, காலங்காத்தால செடிகிட்ட என்ன பேச்சு?" என்று அம்மா சத்தம் போட்டாள்.

இருமல் மருந்து சீசா ஒன்று பாதி நிறைந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வகுப்பில் டீச்சர் கேட்டார். "புஷ்பமேரி, பனிநீர் எவிடே?"

புஷ்பமேரி திருதிருவென்று விழித்தாள். நான் துள்ளி எழுந்தேன். "இந்தா டீச்சர்! நான் கொண்டாந்திருக்கேன்!"

டீச்சர் மூடியைத் திறந்து முகர்ந்தார். இன்னொரு முறை முகர்ந்தார். "இது வெறும் வெள்ளமல்லே?"

"தண்ணி இல்ல டீச்சர். பனிநீர்! ஏலத்து எலையில ஒவ்வொரு சொட்டாப் பிடிச்சேன்."

முன்பெஞ்சில் பொன்ராஜ் கெக்கெக்கே என்று சிரித்தான். "ஏ, பனிநீர்னா மலையாளத்துல பன்னீரு!"

வகுப்பே குலுங்கியது. எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போல் இருந்தது.

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. துரைசாணி மூன்று மணிக்கு வருகிறார். வாசலில் தெளித்து வரவேற்கப் பன்னீர் இல்லை. டீச்சரின் கோபம் புஷ்பமேரி பக்கம் திரும்பியது. "ஞானஜோதி பறஞ்சதல்லே? நீ மறந்து போயோ?"

புஷ்பமேரி என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. 'இவ என்கிட்ட சொல்லவே இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். அவள் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் சிலேட்டில் விழுந்தது.

அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை.

"டீச்சர், நான் அவகிட்ட சொல்லலை. வேணும்னேதான் சொல்லலை. நீங்க அவளை மட்டும் மிடுக்கின்னு சொன்னீங்க. எனக்குப் பொறாமை!"

பொன்ராஜ்கூடத் திரும்பி என்னைப் பார்த்தான்.

"மூணு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு டீச்சர். எங்க ரெண்டு பேரையும் விடுங்க. பன்னீர் கொண்டாந்திருதோம்."

டீச்சர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "வேகம் ஓடிக்கோ!"

ஓடினோம். "ஏட்டி, என்மேல கோவமா?" என்று மூச்சு வாங்கக் கேட்டேன்.

"ஆமா. முதல்ல பூவைப் பறி. கோவத்தை அப்புறம் வச்சுக்கிடுதேன்."

சித்தி தோட்டத்து வேலைக்குப் போயிருந்தார்; வீட்டில் எடுத்துவைத்த பன்னீரும் இல்லை. புஷ்பமேரி பானையில் இதழையும் தண்ணீரையும் போட்டாள். நடுவில் ஒரு கல்லை வைத்து, அதன்மேல் கிண்ணத்தை நிறுத்தினாள். பானையின் மூடியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் குழிவில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினாள். ஆவி மூடியில் முட்டிக் கிண்ணத்தில் சொட்டுமாம்.

"மூடி சுட்டா ஆவியெல்லாம் வெளியே போயிரும். நீ தண்ணியை மாத்திக்கிட்டே இரு."

ஓடைக்கும் அடுப்புக்குமாகப் பதினாலு நடை நடந்தேன். கை இற்றுப்போனது. கடைசியில் மூடியைத் தூக்கியபோது வந்தது பாருங்கள், ஒரு வாசனை! லயத்துக் கடைசி வீட்டு நாய்கூட எட்டிப் பார்த்தது.

சரியாக மூன்று மணிக்குப் பள்ளி வாசலில் நின்றோம். புஷ்பமேரியின் பாவாடையெல்லாம் அடுப்புக்கரி. "நீயே தெளி," என்று சொம்பை என் கையில் திணித்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

துரைசாணி காரிலிருந்து இறங்கினார். அவரும் மலையாளம்தான். நான் பன்னீர் தெளித்தேன். அவர் கண்ணை மூடி மூச்சை இழுத்தார்.

"ஹா, எந்தொரு வாசன! நீயாணோ உண்டாக்கியது? மிடுக்கி!"

பள்ளிக்கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. துரைசாணி என் தலையைத் தடவினார். எத்தனை நாளாகக் காத்திருந்த வார்த்தை! தலையை ஆட்டினால் போதும். புஷ்பமேரி ஒன்றும் சொல்லப் போவதில்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"நான் தண்ணிதான் சுமந்தேன் அம்மா," என்றேன். "பன்னீர் எடுத்தது அவ. புஷ்பமேரி. அந்தா, தூணுக்குப் பின்னால நிக்கா."

துரைசாணி அவளைக் கூப்பிட்டு, கரிப் பாவாடையோடு தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். எனக்கு வயிறு எரிந்ததா என்று கேட்டால், எரிந்தது. பொய் சொல்லக் கூடாது.

சாயங்காலம் லயத்துக்குத் திரும்பும் வழியில் புஷ்பமேரி பாதித் தூரம் எனக்கு முன்னாலேயே நடந்தாள். பிறகு, "கோவம் போயிட்டு," என்றாள்.

"எனக்கும் பொறாமை போயிட்டு."

"முழுசாவா?"

நின்று யோசித்துப் பார்த்தேன். "முக்கால்வாசி."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். வீடு போய்ச் சேர்வதற்குள் அந்தக் கால்வாசியும் எங்கே போனது என்றே தெரியவில்லை.